ஜெக்கில்–ஹைட் கதையை முதல்முறை படிக்கப் போகிறவர்களுக்கு: எதை எடுத்து வைத்துக்கொள்வது, எங்கே சறுக்கும்

மருந்தைக் குடித்ததும் நல்ல டாக்டர் ஜெக்கில் ஹைட் என்ற கெட்டவனாக மாறிவிடுவார் என்கிற ஒரு வரிக் கதை எல்லோருக்கும் தெரியும். ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் எழுதி 1886 ஜனவரியில் வெளிவந்த சின்ன நாவல் அது. நானும் அந்த ஒரு வரியை நம்பித்தான் உள்ளே போனேன். தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. ஆங்கிலம் சேர்ந்திருந்தேன், பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தாளில் இந்த நாவல் இருந்தது, நூறு பக்கம்தானே, ஒரு ராத்திரியில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் இரண்டாம் அத்தியாயத்திலேயே நின்றுவிட்டேன். சிரிக்கவே சிரிக்காத ஒரு வக்கீல் ஞாயிற்றுக்கிழமை நடைபோகிறார், வீட்டுக்கு வந்து ஓர் உயிலை எடுத்துப் பார்க்கிறார், தூக்கம் வராமல் புரள்கிறார், மருந்தையே காணோம். அப்புறம் ஒரு சுருக்கப் பதிப்பை வாங்கிப் படித்துத் தேர்வு எழுதினேன். ஸ்டீவன்சன் எழுதாத ஒரு கதாபாத்திரத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

முழு நூலையும் ஒழுங்காகப் படித்து முடித்தபோது, மருந்து இந்தக் கதையில் சின்ன விஷயம்தான் என்று புரிந்தது. நாலு பேர் மத்தியில் இருக்கும் பெயரைக் காப்பாற்ற ஒவ்வொருவரும் எதை எதைப் பூட்டி வைக்கிறார்கள் என்பதுதான் கதை. இதை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும். தேர்வுக்குப் படித்தாலும் சும்மா படித்தாலும் கீழே உள்ள வரிசையில் போங்கள்.

1. முழுப் பதிப்பா என்று பார்த்து எடுங்கள்

காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்த நூல். புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் முழுதாக, இலவசமாகக் கிடைக்கிறது. காதால் கேட்டுப் பழகியவர்களுக்கு லிப்ரிவாக்ஸில் ஒலிநூல் இருக்கிறது, அதுவும் இலவசம். கையில் காகிதம் வேண்டும் என்றால் பழைய புத்தகக் கடைதான் சரி. எனக்குக் குறிப்புகளோடு கூடிய பதிப்பு 80 ரூபாய்க்குக் கிடைத்தது. முதல் பதிப்பே லண்டனில் காகித அட்டையோடு ஒரு ஷில்லிங்குக்குத்தான் விற்றது. இந்த ஒரு ஷில்லிங்கை மறந்துவிடாதீர்கள், பின்னால் ஒரு கணக்குக்குத் தேவைப்படும்.

வாங்குமுன் இரண்டு விஷயங்களைச் சரிபாருங்கள். ஒன்று, மொத்தம் பத்து அத்தியாயங்கள் இருக்க வேண்டும், கடைசி இரண்டும் ஜெக்கிலின் பழைய நண்பர் டாக்டர் லேன்யன் எழுதி வைத்ததும் ஜெக்கில் எழுதி வைத்த முழு வாக்குமூலமும் ஆக இருக்க வேண்டும். ‘கதை’ எட்டாவதோடு முடிந்துவிடுகிறது என்று நினைத்து இந்த இரண்டையும் நாலு பக்கமாகச் சுருக்கிவிடுகிறார்கள் சிலர்; நான் வாங்கியது அப்படிப்பட்டதுதான். இரண்டு, உள்ளே ஜெக்கிலுக்குக் காதலியோ நிச்சயிக்கப்பட்ட பெண்ணோ வந்தால் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்தப் பெண் 1887இல் பாஸ்டனில் மேடையேறிய நாடகத்துக்காகச் சேர்க்கப்பட்டவள், சினிமாக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நாவலில் ஜெக்கிலுக்கு மனைவி இல்லை, காதலி இல்லை. அவரைச் சுற்றியிருக்கும் வக்கீல், டாக்டர், நண்பர் எல்லோருமே தனி ஆட்கள். அந்த வெறுமையே ஒரு செய்தி, அதை யாரும் இட்டு நிரப்பத் தேவையில்லை.

2. நேரம்

மொத்தம் சுமார் 26,000 சொற்கள். ஆங்கிலம் சரளமாக வாசிப்பவருக்கு மூன்று மணி நேரம், நிறுத்தி நிறுத்திப் படிப்பவருக்கு ஏழு எட்டு மணி நேரம். ஒரே மூச்சில் வேண்டாம். முதல் மூன்று அத்தியாயங்கள் ஒரு நாள், 4, 5 ஒரு நாள், 6, 7 ஒரு நாள் (ஏழாவது இரண்டு பக்கம்தான் வரும்), எட்டாவது தனியாக ஒரு நாள், ஒன்பதாவது ஒரு நாள், பத்தாவதுக்கு இரண்டு நாள். ஒரு வாரம் ஆகும். பத்தாவதுக்கு இரண்டு நாள் என்பதை மட்டும் குறைத்துவிடாதீர்கள்.

3. தெரிந்த மாதிரி இருக்கும் சொற்கள்

தெரியாத சொல் வந்தால் அகராதியைப் பார்த்துவிடுவோம். தெரிந்த மாதிரி இருக்கும் சொல்தான் ஆபத்து. நான் விழுந்த இடங்கள் இவை:

கேபினட் என்றால் இந்நூலில் அலமாரி இல்லை. ஜெக்கில் உள்ளே பூட்டிக்கொள்ளும் தனியறை. நான் பல பக்கங்கள் வரை ஓர் ஆள் அலமாரிக்குள் ஒளிந்திருப்பதாகவே கற்பனை செய்துகொண்டிருந்தேன். பிரஸ் என்று வருவதுதான் அலமாரி. தியேட்டர் என்பது மாணவர்களுக்கு முன்னால் பிணத்தை அறுத்துக் காட்டும் கூடம். அந்த வீட்டை ஜெக்கில் ஓர் அறுவை மருத்துவரின் வாரிசுகளிடமிருந்து வாங்கியதால் அது அங்கே இருக்கிறது. செவல் கிளாஸ் என்பது சட்டத்தில் ஊசலாடும் ஆளுயரக் கண்ணாடி. ஹோலோகிராஃப் என்பது தன் கைப்பட எழுதிய உயில். தலைப்பில் இருக்கும் கேஸ் என்பதற்கு நம் ஊரில் சொல்கிற அதே இரண்டு பொருளும் உண்டு, கோர்ட்டு கேஸும் ஆஸ்பத்திரி கேஸும்.

ஆண்டு வரும் இடத்திலெல்லாம் 18 என்று போட்டு ஒரு கோடு இழுத்திருக்கும். அச்சுப் பிழை இல்லை. உண்மை மனிதர்களின் பெயர் கெடாமல் மறைப்பதுபோல் எழுதும் அந்தக் கால வழக்கம்.

அலமாரியைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டீவன்சன் பிறந்து வளர்ந்த எடின்பரோவில் வில்லியம் பிராடி என்று ஒருவர் இருந்தார். தச்சர் சங்கத் தலைவர், நகர சபை உறுப்பினர். ராத்திரியில் கள்ளச்சாவி போட்டு வீடு புகுந்து திருடுகிறவர். 1788இல் தூக்கிலிட்டார்கள். அவர் கையால் செய்த அலமாரி ஒன்று சிறுவன் ஸ்டீவன்சனின் அறையிலேயே இருந்தது.

4. வீட்டைப் படமாக வரைந்துகொள்ளுங்கள்

ஒரு தாளும் பென்சிலும் போதும், ஐந்து நிமிட வேலை. முதல் அத்தியாயத்தில் வரும் கதவை முதலில் வரையுங்கள்: சந்தடியான பகுதியில் ஒரு சின்னக் கடைத்தெரு, பளபளக்கும் கடைகள், மூலையிலிருந்து இரண்டு வாசல் தள்ளி ஜன்னலே இல்லாத இரண்டு மாடிச் சுவர். கதவில் மணி இல்லை, தட்டுவதற்கு வளையம் இல்லை, வண்ணம் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கிக் கறைபட்டிருக்கிறது. நாடோடிகள் அந்தக் கதவுக் குழியில் ஒதுங்கி அதன் பலகையில் தீக்குச்சி கிழிக்கிறார்கள்.

இரண்டாம் அத்தியாயத்தில் வக்கீல் அட்டர்சன் மூலையைத் திரும்பி ஒரு சதுக்கத்துக்குள் போவார். அங்கே பெரிய பழைய வீடுகள், பெரும்பாலானவை களையிழந்து அறை அறையாக வாடகைக்கு விடப்பட்டவை, ஒன்று மட்டும் இன்னும் செல்வச் செழிப்போடு நிற்கிறது. அதுதான் ஜெக்கிலின் வீடு. இப்போது உங்கள் படத்தில் கோட்டை நீட்டிப் பாருங்கள். முன்வாசலில் டாக்டர், நடுவில் முற்றம், பின்னால் பிணமறுக்கும் கூடம், அதன் மேல் அந்தத் தனியறை, அதைத் தாண்டினால் அந்தக் கொப்புளக் கதவு. இரண்டும் ஒரே வீட்டின் இரண்டு வாசல்கள். ஹைட் எங்கிருந்தோ வருகிறவன் இல்லை, அதே வீட்டின் பின்வாசல் வழியாக வருகிறவன். இது வரைந்தால்தான் புலப்படும், ஏனென்றால் இரண்டு வாசலையும் ஸ்டீவன்சன் வேறு வேறு அத்தியாயங்களில் பிரித்து வைத்திருக்கிறார்.

5. ஆவணங்களுக்கு ஒரு பட்டியல் போடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். நாவல் முழுக்கக் காகிதங்கள். ஒவ்வொன்றும் வரும்போது ஒரு நோட்டில் நான்கு விஷயங்களைக் குறியுங்கள்: யார் எழுதியது, யார் கையெழுத்து, யாரிடம் வந்தது, இப்போது எங்கே பூட்டியிருக்கிறது.

முதல் காகிதம் காசோலை. விடிகாலை மூன்று மணிக்கு ஹைட் ஒரு சிறுமியை மிதித்துத் தள்ளிவிட்டு நடக்கிறான். அட்டர்சனோடு ஞாயிற்றுக்கிழமை நடைபோகும் உறவினர் என்ஃபீல்ட்தான் இதை அவரிடம் சொல்கிறார்: என்ஃபீல்ட் அவனைப் பிடித்து இழுத்து வருகிறார், கூட்டம் கூடுகிறது, டாக்டர் வருகிறார். யாரும் போலீஸைக் கூப்பிடவில்லை என்பதைக் கவனியுங்கள். லண்டனின் ஒரு கோடி முதல் மறுகோடி வரை உன் பெயரை நாறடித்துவிடுவோம் என்றுதான் மிரட்டுகிறார்கள். அவனும் உடனே, மானமுள்ளவன் யாருமே அசிங்கப்பட விரும்பமாட்டான், தொகையைச் சொல்லுங்கள் என்கிறான். குடும்பத்துக்கு நூறு பவுன் (இங்கிலாந்துப் பணம்) என்று பேசி முடிகிறது. பத்துப் பவுனைத் தங்கமாகவும் மீதிக்குப் பேரர் செக்காகவும் கொண்டுவந்து கொடுக்கிறான். ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங், ஆக நூறு பவுனில் இதே புத்தகத்தை 2,000 பிரதி வாங்கியிருக்கலாம். தொகையின் கனம் தெரியத்தான் அந்த ஒரு ஷில்லிங்கை நினைவில் வைக்கச் சொன்னேன். செக்கில் இருப்பது ஊரே மதிக்கும் ஒருவரின் கையெழுத்து. போலி என்று நினைத்து விடியும்வரை காத்திருந்து வங்கிக்குப் போகிறார்கள், செக் செல்லுகிறது. யாரோ ஹைட்டிடம் சிக்கிக்கொண்டு பணம் கொடுக்கிறார் என்று என்ஃபீல்ட் முடிவு செய்கிறார், பெயரைச் சொல்ல மறுக்கிறார். விஷயம் எவ்வளவு கோணலாகத் தெரிகிறதோ அவ்வளவு குறைவாகக் கேட்பது என் வழக்கம் என்கிறார். இனி இதைப் பற்றிப் பேசுவதில்லை என்று இருவரும் கைகுலுக்கிக்கொள்வதோடு அத்தியாயம் முடிகிறது. குழந்தை என்னவானது என்று அதற்குப் பிறகு ஒருவரும் கேட்பதில்லை.

இரண்டாவது உயில். ஜெக்கில் இறந்தால் சொத்தெல்லாம் எட்வர்ட் ஹைட்டுக்கு. அது மட்டுமில்லை, ஜெக்கில் மூன்று மாதத்துக்கு மேல் காரணம் தெரியாமல் காணாமல் போனாலும் அப்படியே. இந்த இரண்டாவது நிபந்தனையில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். உயில் இருக்கும் இடம் அட்டர்சனின் இரும்புப் பெட்டி.

மூன்றாவது, ஹைட் ஒருவரை அடித்துக் கொன்ற பிறகு, அவன் எழுதியதாக ஜெக்கில் நீட்டும் கடிதம். கொஞ்சம் நின்று படிக்க வேண்டிய காட்சி இது. இரவு, கணப்பு, நல்ல பழைய ஒயின் ஒரு பாட்டில். அட்டர்சனும் அவருடைய தலைமைக் குமாஸ்தா கெஸ்டும் உட்கார்ந்திருக்கிறார்கள். கையெழுத்து ஆராய்வதில் கெஸ்டுக்கு ஈடுபாடு உண்டு. கொலைகாரன் கடிதத்தை அவர் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேலைக்காரன் ஒரு சீட்டைக் கொண்டுவருகிறான், ஜெக்கிலிடமிருந்து சாப்பாட்டுக்கு அழைப்பு. கெஸ்ட் அதையும் கேட்டு வாங்கி இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்க்கிறார். பிறகு இரண்டையும் திருப்பிக் கொடுக்கிறார். ஏன் ஒப்பிட்டாய் என்று அட்டர்சன் கேட்க, பல இடங்களில் இரண்டும் ஒரே எழுத்து, சாய்வுதான் வேறு என்கிறார். இந்தச் சீட்டைப் பற்றி நீ யாரிடமும் பேசமாட்டாய் அல்லவா என்கிறார் அட்டர்சன். மாட்டேன் ஐயா, புரிகிறது என்கிறார் கெஸ்ட். அவ்வளவுதான். அன்று இரவு அட்டர்சன் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் இரும்புப் பெட்டியில் பூட்டுகிறார். தன் நண்பன் ஒரு கொலைகாரனுக்காகக் கள்ளக் கையெழுத்துப் போட்டிருக்கிறான் என்று மனதுக்குள் அலறுகிற மனிதர், அன்று இரவு செய்வது அது.

இந்த இடத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது. அட்டர்சன் நல்லவர், நேர்மையானவர், கதையில் நாம் நம்பும் ஒரே ஆள். அவர் ஏற்கெனவே இன்னொன்றும் செய்திருக்கிறார்: கொலை நடந்த தெருவில் கிடந்த பாதிக் கைத்தடியைப் பார்த்ததுமே அது தான் பல வருடம் முன்பு ஜெக்கிலுக்குப் பரிசாகக் கொடுத்த தடி என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அதைக் கூட இருக்கும் போலீஸ் அதிகாரியிடம் சொன்னதாக நூலில் ஒரு வரி இல்லை. கொல்லப்பட்டவர் சர் டான்வர்ஸ் கேரூ, வக்கீல் என்ற முறையில் அட்டர்சனின் கட்சிக்காரர்.

நான்காவது, லேன்யன் சாகும்போது விட்டுச்சென்ற உறை, ஜெக்கில் இறந்தால் அல்லது காணாமல் போனால் மட்டும் பிரிக்க வேண்டும் என்ற குறிப்போடு. இதுவும் இரும்புப் பெட்டிக்குள். ஆக மூன்று காகிதம் ஒரே பெட்டியில் சேர்ந்துவிட்டது. ஜெக்கிலுக்குப் பின்வாசல் அறை எப்படியோ அப்படி அட்டர்சனுக்கு இந்தப் பெட்டி. இரண்டுமே வெளியே பெயர் கெடாமல் இருக்க உள்ளே பூட்டப்பட்ட இடங்கள். மருந்து குடிக்காமலேயே இந்த வேலையைச் செய்ய முடியும் என்று நாவல் காட்டுகிறது. இந்த நூலில் எனக்கு மிகவும் பயமாக இருந்த விஷயம் இதுதான்.

மிச்சக் காகிதங்களை நீங்களே குறித்துக்கொள்ளலாம்: மருந்துக் கடைக்குப் போகும் கெஞ்சல் சீட்டு, லேன்யனுக்கு வந்த பதிவுத் தபால், கடைசி இரவில் மேசைமேல் இருக்கும் புதிய உயில், அதில் ஹைட்டின் பெயர் இருந்த இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்பது, ஒரு சின்னக் குறிப்பு, முத்திரையிட்ட வாக்குமூலம்.

6. தேதிகளில் ஒரு சிக்கல் இருக்கிறது

8 முதல் 10 வரையான அத்தியாயங்களில் ஒரே நிகழ்ச்சி மூன்று பேர் பக்கமிருந்து வரும், குழம்பிவிடும். ஒரு கோடு போட்டு இவற்றை மட்டும் குறியுங்கள்: சிறுமி சம்பவம் குளிர்கால விடிகாலை, அதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து அக்டோபரில் கேரூ கொலை, இரண்டு மாதத்துக்கு மேல் ஜெக்கில் விருந்து, தானதர்மம் என்று அமைதியாக வாழ்கிறார், ஜனவரி 8 ஜெக்கில் வீட்டில் கடைசி விருந்து, 9ஆம் தேதி மாலை லேன்யனுக்குப் பதிவுத் தபால், 12ஆம் தேதி அட்டர்சனுக்குக் கதவு திறக்கவில்லை, ஒரு மாதத்துக்குள் லேன்யன் சாவு, மார்ச்சில் கடைசி இரவு.

லேன்யன் ஜனவரி 9 என்று சொல்லும் கடிதத்தின் தலைப்பில் டிசம்பர் 10 என்று இருக்கும். நீங்கள் தவறாகப் படிக்கவில்லை. முதல் பதிப்பிலிருந்தே இருக்கும் முரண் இது. நான் இதற்காக முன்னும் பின்னும் புரட்டி ஒரு மாலையைத் தொலைத்தேன். தாண்டிப் போய்விடுங்கள்.

7. பத்தாவது அத்தியாயம்: இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறோம்

ஜெக்கில் நல்ல பாதி, ஹைட் கெட்ட பாதி என்று எழுதிவிடாதீர்கள். வாக்குமூலத்தை நிதானமாகப் படியுங்கள். மருந்தைக் குடித்ததில் தனியாகப் பிரிந்து வந்தது கெட்டது மட்டும்தான். நல்லது தனியாகப் பிரியவே இல்லை. ஹைட் முழுக்கத் தீயவன், ஆனால் ஜெக்கில் அதே பழைய கலவையாகவே இருக்கிறார். அதாவது ஹைட் செய்வதையெல்லாம் விரும்பி, ரசித்து, அவனுக்கு வீடு பிடித்து, வங்கிக் கணக்குத் திறந்து, உயில் எழுதி வைக்கும் மனிதர் ஜெக்கில்தான். ஹைட்டின் கையெழுத்தே ஜெக்கில் தன் எழுத்தைப் பின்பக்கமாகச் சாய்த்து உண்டாக்கியது. அதை அவரே ஒப்புக்கொள்கிறார். கெஸ்ட் கண்டுபிடித்த சாய்வு நினைவிருக்கிறதா? உங்கள் காகிதப் பட்டியல் இங்கே பலன் கொடுக்கும்.

அடுத்த சறுக்கல், ஜெக்கிலை உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசும் வேடதாரி என்று முடித்துவிடுவது. அவர் அதை மறுக்கிறார். நான் போலி இல்லை, என் இரண்டு பக்கமும் உண்மையாகவே இருந்தன என்கிறார். நோயாளிகளுக்காக உழைத்தபோதும் உண்மை, வெட்கத்தை உதறிவிட்டுத் திரிந்தபோதும் உண்மை. தவறு எங்கே தொடங்கியது என்று அவர் சொல்லும் இடம் அத்தியாயத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது, வேகமாகப் படித்தால் தவறிவிடும்: சின்ன வயதில் தனக்கு இருந்தது கொஞ்சம் கேளிக்கை ஆசை மட்டும்தான், பலருக்கு அதனால் வாழ்க்கை சந்தோஷமாகவே போயிருக்கிறது, தனக்கோ தலையை நிமிர்த்திக்கொண்டு நாலு பேர் முன்னால் கம்பீரமாக இருக்க வேண்டும் என்ற ஆசையும் சேர்ந்திருந்தது, அதனால் மறைக்கத் தொடங்கினேன் என்கிறார். மறைத்ததுதான் அவரை இரண்டாகப் பிளந்தது. எனக்கு இந்தப் பத்தியை நாலாவது வாசிப்பில்தான் பிடிக்க முடிந்தது.

சரி, அப்படி என்னதான் மறைத்தார்? நூல் சொல்லவே இல்லை. இந்த இடத்தில் ஒரே பதிலைப் பிடித்துக்கொண்டு எழுதாதீர்கள். 1885இல் பிரிட்டனில் நிறைவேறிய குற்றவியல் திருத்தச் சட்டம் ஆண்களுக்கு இடையேயான உறவைத் தனிமையில் நடந்தாலும் தண்டனைக்குரியதாக்கியது, மிரட்டிப் பணம் பறிப்பவர்களுக்கு அது பெரிய வசதியானது. என்ஃபீல்டின் சந்தேகத்தை அந்தச் சூழலில் வைத்துப் படிப்பவர்கள் நிறையப் பேர், அதற்கு நியாயமும் இருக்கிறது. ஆனால் ஸ்டீவன்சன் அந்த இடத்தைக் காலியாக விட்டிருப்பதால்தான் ஒவ்வொரு வாசகரும் தன் பயத்தை அங்கே கொண்டுபோய் வைக்க முடிகிறது என்று நினைக்கிறேன்.

ஹைட்டை ராட்சசனாகக் கற்பனை செய்வதும் தவறு. அவன் சின்ன உருவம், ஜெக்கிலைவிட இளையவன். ஜெக்கிலின் சட்டை அவனுக்குத் தொளதொளவென்று தொங்குகிறது. பார்த்தவர் எல்லோரும் ஏதோ ஊனம் போல இருக்கிறது என்கிறார்கள், என்ன என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. ஏன் சின்ன உருவம் என்பதற்கு ஜெக்கில் சொல்லும் காரணம்: தன் வாழ்க்கையில் பத்தில் ஒன்பது பங்கு கட்டுப்பாடாகவே போனதால் தீய பக்கத்துக்கு வளர்ச்சி போதவில்லை.

இதே அத்தியாயத்தில் ஒரு காலைக் காட்சி வரும், அதை இரண்டு முறை படியுங்கள். ஜெக்கிலாகப் படுத்தவர் தன் சொந்தப் படுக்கையறையில் கண்விழிக்கிறார். ஏதோ இடம் மாறினாற்போல் இருக்கிறது, ஆனால் திரைச்சீலை, கட்டில் எல்லாம் சரியாகவே இருக்கின்றன. அரைத்தூக்கத்தில் கண் கையில் விழுகிறது. அவருடைய கை பெரியது, வெள்ளையானது, வடிவானது, டாக்டர் கை. போர்வைமேல், மஞ்சள் காலை வெளிச்சத்தில் கிடப்பதோ மெலிந்து நரம்போடி, முட்டி புடைத்து, கருத்த ரோமம் அடர்ந்த கை. மருந்தே குடிக்கவில்லை. பிற்பாடு எழுதும்போது ஹைட்டை ‘நான்’ என்று சொல்ல முடியாமல் ‘அவன்’ என்று அவர் மாற்றிக்கொள்ளும் வரி வரும். அத்தியாயம் முழுக்க ‘நான்’, ‘அவன்’, ‘ஜெக்கில்’ என்று எங்கெங்கே மாறுகிறது என்று பென்சிலால் வட்டம் போடுங்கள். தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு அந்த வட்டங்களே ஒரு கட்டுரைக்குப் போதும்.

8. முடித்ததும் எட்டாவது அத்தியாயத்துக்கு ஒருமுறை திரும்புங்கள்

நூல் ஜெக்கிலின் குரலோடு நின்றுவிடும், அட்டர்சனிடம் திரும்பாது. அதனால் எட்டாவதின் கடைசிப் பக்கத்தை மறுபடி பாருங்கள். உடல் தரையில் கிடக்கிறது, அட்டர்சன் கையில் காகிதங்கள். வேலைக்காரர் பூலிடம் அட்டர்சன் சொல்கிறார்: இந்தக் காகிதத்தைப் பற்றி மூச்சுவிடாதே, உன் முதலாளி ஓடிப்போயிருந்தாலும் செத்திருந்தாலும் அவர் பெயரையாவது காப்பாற்றலாம். பத்து மணி, வீட்டுக்குப் போய் இவற்றைப் படித்துவிட்டு நள்ளிரவுக்குள் வந்துவிடுகிறேன், பிறகு போலீஸுக்குச் சொல்வோம். திரும்பி வந்தாரா, என்ன சொன்னார் என்பது நூலில் இல்லை. உங்கள் பட்டியலில் ‘இப்போது எங்கே பூட்டியிருக்கிறது’ என்ற கட்டத்தில் கடைசிக் காகிதத்துக்கு நேரே என்ன எழுதுவீர்கள் என்று யோசித்துவிட்டு நோட்டை மூடுங்கள்.

9. அடுத்தது

இதே தடத்தில் இரண்டு நூல்கள், இரண்டும் இலவசமாகக் கிடைக்கும். ஆஸ்கர் வைல்டின் ‘டோரியன் கிரேயின் ஓவியம்’ முதலில். 1890இல் பத்திரிகையில் 13 அத்தியாயமாக வந்தது, 1891இல் நூலானபோது 20 ஆனது. எடுக்கும் பிரதி எது என்று எண்ணிப் பாருங்கள், முதல் வாசிப்புக்கு 20 அத்தியாயப் பதிப்பு போதும். இங்கே முகம் அப்படியே அழகாக இருக்க, செய்ததெல்லாம் ஓவியத்தில் ஏறுகிறது. ஓவியம் வீட்டு உச்சியில், டோரியன் சின்ன வயதில் பாடம் படித்த அறையில் பூட்டப்பட்டிருக்கிறது. 1895 வழக்கில் இந்த நாவலை வைத்தே வைல்டைக் குறுக்கு விசாரணை செய்தார்கள். படிக்க இரண்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஜேம்ஸ் ஹாக் 1824இல் பெயர் போடாமல் வெளியிட்ட, தான் கடவுளால் தேர்ந்தெடுக்கப்பட்டவன் என்று நம்பும் ஒரு பாவியின் வாக்குமூலம். ஸ்டீவன்சனுக்கு அறுபது வருடம் முந்தியது, கடினமும் அதுதான்: ஸ்காட்லாந்துப் பேச்சுமொழி நிறைய வரும், குறிப்புகளோடு கூடிய பதிப்புக்குக் காசு செலவழித்தால் தகும். ஒரே சம்பவங்கள் முதலில் பதிப்பாசிரியர் வாயாலும் பிறகு அந்தப் பாவியின் வாயாலும் இரண்டு முறை சொல்லப்படுகின்றன. அதனால் தொடங்கும்போதே இரண்டு அடையாளச் சீட்டு வைத்துக்கொள்ளுங்கள், இரண்டாம் பாதியில் ஒவ்வொரு சம்பவத்துக்கும் முதல் பாதிக்குத் திரும்பிப் போய் யார் எதை விட்டுவிட்டார்கள் என்று பார்க்க வேண்டியிருக்கும்.